கை போகும் வழி

(பட்டறை உரிமையாளர்கள், தொழிலாளர்கள், பொறியியல் மாணவர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சுட்டுவிரல் முழுவதும் போனால் 14 சதவீதம். நடுவிரல் என்றால் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ என்றால் 7. கட்டைவிரலுக்கு 30. ஒரு கையின் நான்கு விரல்களும் போய்விட்டால் 50. 2025வரை நடப்பிலிருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு இணைந்த அட்டவணையின் எண்கள் இவை. விரல் போனவரின் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, அதற்கேற்பப் பணம் கொடுப்பதற்கான அளவு.

இழப்பீடு கட்டாயம் வேண்டும். விரல் போனவர் வீட்டில் அடுப்பெரிய அதுதான் துணை. ஆனால் அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் இயந்திரம் ஓடியிருக்கிறது. அதன் நசுக்கும் இடத்துக்குக் கை போக ஒரு வழி இருந்திருக்கிறது. அந்த வழி எது, ஏன் திறந்து கிடந்தது, யார் அடைத்திருக்கலாம் என்று விபத்துக்கு முன்பே உட்கார்ந்து யோசிப்பதற்குத்தான் இடர் மதிப்பீடு என்று பெயர். விபத்துக்குப் பிறகு எழுதப்படும் அறிக்கைகளில் இந்தக் கேள்விகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியதும் கோப்பு மூடப்பட்டுவிடும்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு புத்தகமும் துணை நின்றது. அமெரிக்காவில் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹைன்ரிக் 1931இல் தொழிற்சாலை விபத்துத் தடுப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். 100 விபத்துகளில் 88 தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால் நடப்பவை, 10 இயந்திரத்தாலும் சூழலாலும் நடப்பவை, மீதி 2 தவிர்க்க முடியாதவை என்றார். பல பத்தாண்டுகளுக்கு உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் இந்த 88 ஒப்பிக்கப்பட்டது. எண் வந்த இடமோ காப்பீட்டுக் கோப்புகளும் ஆலைப் பதிவுகளும். அவற்றை எழுதியவர்கள் மேற்பார்வையாளர்கள், நிர்வாகத்தினர். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவரைப் பற்றி மற்றவர் எழுதிய வாக்குமூலத்திலிருந்து அறிவியல் எப்படிப் பிறக்கும் என்று பின்னாளில் வந்த ஆய்வாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் அந்த எண்ணின் நிழல் இன்னும் நம் பட்டறைச் சுவர்களில் 'கவனம் தேவை' பலகையாகத் தொங்குகிறது.

ஹைன்ரிக்குக்கு 34 ஆண்டுகள் முன்பே நீதிமன்றம் வேறு திசையைக் காட்டியிருந்தது. 1897இல் இங்கிலாந்தில் ஹிண்டில் எதிர் பர்ட்விசில் என்ற வழக்கு. தறியிலிருந்து நாடா தெறித்துப் பறப்பதால் தறி ஆபத்தான இயந்திரமா என்பது பிரச்சினை. ஓர் இயந்திரம் ஆபத்தானதா என்று பார்க்கும்போது, அதில் வேலை செய்பவர் சில நேரம் கவனம் தவறுவார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். களைப்பு, அவசரம், பழக்கத்தில் வரும் அசட்டை எல்லாம் மனித இயல்பு. இயந்திரத்தைச் செய்பவரும் ஓட்டவைப்பவரும் அந்த இயல்பை முன்கூட்டியே எதிர்பார்த்தாக வேண்டும்.

1955இல் ஜான் சம்மர்ஸ் எதிர் ஃபிராஸ்ட் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. பராமரிப்பு வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவரின் கட்டைவிரல் சுழலும் சாணைச் சக்கரத்தில் பட்டுவிட்டது. சக்கரத்தை முழுவதும் மூடிவிட்டால் அதில் சாணை பிடிக்கவே முடியாதே என்று நிறுவனம் வாதாடியது. அன்று நாட்டின் இறுதி நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. மூட வேண்டும் என்று சட்டம் சொன்னால் மூடத்தான் வேண்டும், இயந்திரம் பயன்படாமல் போய்விடும் என்பது அதற்குப் பதில் ஆகாது என்று தீர்ப்பளித்தது. 2025 நவம்பர்வரை நடைமுறையில் இருந்த நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவும் இந்த மரபில் வந்ததுதான். ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும், அது எப்போதும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், பாகம் ஓடும் நேரமெல்லாம் தன் இடத்தில் இருக்க வேண்டும் என்றது அது. அடுத்த பிரிவு, ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கும் வேலையைத் தனிப்பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே விட்டது. உடலோடு ஒட்டிய உடுப்பும் வேண்டும், அதையும் முதலாளியே வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றது. தோளில் கிடக்கும் துண்டு, துப்பட்டா, சேலைத் தலைப்பு, பின்னல் எதையும் சுழலும் ஷாஃப்ட் விட்டுவைக்காது என்று தெரிந்து எழுதப்பட்ட வரி அது.

சரி, இடர் மதிப்பீட்டை எப்படிச் செய்வது? உலகம் முழுவதும் இதற்கு அடிப்படையாக வைத்துக்கொள்வது ஐ.எஸ்.ஓ. 12100 என்ற தரம். 2010இல் வெளியான அதை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 16819 என்ற எண்ணில் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்த இயந்திரத்தை யார் யார் தொடுவார்கள், எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு நேரம் என்று முதலில் வரையறுக்கச் சொல்கிறது. பிறகு ஆபத்துகளைத் தேடச் சொல்கிறது: நசுக்குவது, வெட்டுவது, உள்ளே இழுப்பது, சுடுவது, மின்சாரம், இரைச்சல். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள். அடிபட்டால் எவ்வளவு மோசமாக அடிபடும்? எத்தனை தடவை, எவ்வளவு நேரம் அங்கே கை போகிறது? ஆபத்தான நிகழ்வு நடக்க எவ்வளவு வாய்ப்பு? நடந்தால் விலகித் தப்ப முடியுமா? கடைசிக் கேள்வியைப் பலர் லேசாக விட்டுவிடுகிறார்கள். மெதுவாக நகரும் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொள்ளலாம். பவர் பிரஸ் இறங்கும் வேகத்தில் எடுக்க முடியாது.

அதன் பிறகுதான் இடரைக் குறைக்கும் வேலை வருகிறது, அதில் வரிசை முக்கியம். முதலில் இயந்திரத்தின் வடிவத்தையே மாற்றி ஆபத்தை நீக்கப் பார்க்க வேண்டும். அது முடியாத இடத்தில் தடுப்பு, தடுப்பைத் திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் இன்டர்லாக், கை குறுக்கே வந்தால் உணரும் ஒளித்திரை போன்ற பாதுகாப்புகள். அப்படியும் மிஞ்சுகிற இடருக்கு மட்டுமே எச்சரிக்கைப் பலகை, பயிற்சி, கையேடு. நம் ஊரில் இந்த ஏணியைத் தலைகீழாக ஏறுகிறோம். பலகையில் தொடங்குகிறோம், பெரும்பாலும் பலகையிலேயே நின்றுவிடுகிறோம். கையுறை வாங்கிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. சுழலும் டிரில்லுக்குப் பக்கத்தில் கையுறையே ஆபத்து. டிரில் கையுறைத் துணியைப் பற்றினால் கையோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

வடிவத்தை மாற்றுவது பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் என்று நினைப்பவர்கள் வட இந்திய வயல்களின் கதையைக் கேட்க வேண்டும். பசுமைப் புரட்சியோடு கோதுமை கதிரடிக்கும் இயந்திரங்கள் ஊர் ஊராகப் பரவின. உள்ளூர்ப் பட்டறைகளில் செய்த இயந்திரங்கள். அறுவடைக் காலத்தில் இரவு பகல் பாராமல் ஓடும். கதிர்க்கட்டைக் கையால் வாய்க்குள் தள்ள வேண்டும். சுழலும் உருளை கட்டைக் கவ்வி இழுக்கும்போது விடாமல் பிடித்த கையும் சேர்ந்து உள்ளே போகும். எத்தனையோ விவசாயக் கூலிகள் கையை இழந்தார்கள். பாராளுமன்றம் 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்ற இந்த இயந்திரங்களே காரணம்.

அதற்கு முன்பே வந்திருந்த ஐ.எஸ். 9020 என்ற தரத்தில் ஒரு தீர்வு இருக்கிறது. மின்னணுக் கருவி எதுவும் அதில் கிடையாது. கதிரை வைக்கும் தட்டு 90 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். அதில் உருளையை ஒட்டிய 45 செ.மீ. மேலே மூடியிருக்க வேண்டும். அவ்வளவுதான். நின்றபடி கதிரைத் தள்ளுபவரின் கை உருளைவரை எட்டாது. தூங்கி வழிந்தாலும் எட்டாது, பேச்சு மும்முரத்தில் தள்ளினாலும் எட்டாது. கொஞ்சம் தகரமும் வெல்டிங்கும்தான் செலவு. மனிதக் கையின் நீளத்தை அளந்து இயந்திரத்தின் நீளத்தைத் தீர்மானித்திருக்கிறார்கள்.

இதே வழியில் சிந்தித்தவர் டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் தினேஷ் மோகன். சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்காகவே அவரைப் பலருக்கும் தெரியும். 2021இல் கோவிட் அவரைக் கொண்டுபோனது. ஹரியானா கிராமங்களில் விவசாயக் காயங்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது, மாட்டுத்தீவனம் வெட்டும் இயந்திரத்தில் குழந்தைகளின் விரல்கள் போவதை அவரும் சகாக்களும் கண்டார்கள். வேலை இல்லாத நேரத்தில் அந்தப் பெரிய சக்கரம் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள். ஒருவன் சக்கரத்தைச் சுற்றுவான், இன்னொருவன் வாயில் கையை வைப்பான். குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்கு உபதேசம் செய்வதோடு அவர்கள் நிற்கவில்லை. சும்மா நிற்கும் சக்கரத்துக்கு ஒரு பூட்டு, கத்திக்கு மறைப்பு, இழுக்கும் உருளைகளுக்கு முன்னால் கை நெருங்கினால் உணர்த்துகிற இன்னோர் உருளை என்று கிராமத்துக் கொல்லரால் பொருத்தக்கூடிய மாற்றங்களை வடிவமைத்தார்கள். இயந்திரத்தோடு சம்பந்தமே இல்லாதவரும் அதைத் தொடுவார் என்று எதிர்பார்த்ததுதான் அந்த வேலையின் சிறப்பு.

இனிப் பவர் பிரஸ்சுக்கு வருவோம். கார், பைக் உதிரி பாகங்கள் செய்யும் ஊர்களில், அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும், இது இல்லாத தெரு குறைவு. மேலே பஞ்ச், கீழே டை, நடுவில் தகடு. மோட்டார் ஒரு கனத்த ஃபிளைவீலைச் சுற்றிக்கொண்டே இருக்கும். காலால் பெடலை மிதித்தால் கிளட்ச் கோக்கும், ஸ்லைடு இறங்கித் தகட்டை வெட்டிவிட்டு மேலே போகும். கையால் தகட்டை வைப்பது, மிதிப்பது, எடுப்பது, மறுபடி வைப்பது. ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை. கையும் காலும் ஒரு தாளத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு தடவை கால் முந்திவிட்டால் முடிந்தது.

குருகிராம், மானேசர் பகுதியில் ஸேஃப் இன் இந்தியா என்ற அறக்கட்டளை இப்படி அடிபட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு உதவியிருக்கிறது. 'க்ரஷ்ட்' என்ற பெயரில் 2019 முதல் அறிக்கைகளும் வெளியிட்டுவருகிறது. வாகன உதிரி ஆலைகளில் விரல் போன விபத்துகளில் பவர் பிரஸ்தான் முதலிடம். நசுங்கியவர்கள் சராசரியாக ஏறத்தாழ இரண்டு விரல்களை இழந்திருக்கிறார்கள். ஹெல்பர் என்று வேலைக்குச் சேர்த்தவரைப் பிரஸ்சில் உட்காரவைப்பதும், பலருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை விபத்து நடந்த பிறகே கைக்கு வருவதும் அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

பிரஸ்சுக்கு ஒரு சென்சார் மாட்டிவிட்டால் போதாதா? இங்கேதான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பழைய பிரஸ்களில் பலவற்றில் இருப்பது கீ கிளட்ச். ஃபிளைவீலையும் ஷாஃப்டையும் ஓர் எஃகுச் சாவி இணைக்கும். சாவி ஒரு தடவை விழுந்துவிட்டால் முழுச் சுற்று முடியும்வரை எதுவும் அதை விடுவிக்காது. பாதி வழியில் நிறுத்த முடியாது. இப்படிப்பட்ட பிரஸ்சின் முன்னால் எவ்வளவு விலையுயர்ந்த ஒளித்திரையை மாட்டினாலும், கை உள்ளே வந்தது தெரிந்த பிறகும் ஸ்லைடு இறங்கியே தீரும். போதாக்குறைக்கு, சாவியோ அதன் ஸ்பிரிங்கோ தேய்ந்தால் மிதிக்காமலே இரண்டாவது ஸ்ட்ரோக் விழும். 'தானா அடிச்சிடுச்சு சார்' என்று அடிபட்டவர் சொன்னால் பலர் நம்புவதில்லை. நம்ப வேண்டும்.

அப்படியானால் இரண்டு கையாலும் அழுத்தும் பொத்தான்? அதற்கும் கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் ஓடும் பிரஸ், ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் கோக்கும் கிளட்ச் என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்திய கணத்தில் சாவி தன் இடத்தைச் சற்று முன்தான் தாண்டியிருந்தால், கோப்பதற்கே ஒரு சுற்று ஆகும். பிறகு இறங்க அரைச் சுற்று. மொத்தம் ஒன்றரை விநாடி. மனிதக் கை விநாடிக்கு 1.6 மீட்டர் நகரும் என்று தரநிலைகள் எடுத்துக்கொள்கின்றன. ஒன்றரை விநாடியில் 2.4 மீட்டர். பொத்தானை டையிலிருந்து அவ்வளவு தூரத்தில் வைத்தால்தான், அழுத்திவிட்டுக் கையை நீட்டினாலும் எட்டாது. எந்தப் பட்டறையில் இது நடக்கும்? ஆகவே கீ கிளட்ச் பிரஸ்சுக்குத் தகுந்தது டையைச் சுற்றி நிலையான கூண்டு. தகடு மட்டும் நுழையும் பிளவு வைத்து, கை நுழையாமல் அடைத்துவிடுவது.

பிளவு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் ஐ.எஸ்.ஓ. 13857இல் அளவு இருக்கிறது. 12 முதல் 20 மி.மீ. வரையான பிளவு என்றால் அது டையிலிருந்து குறைந்தது 120 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். 20ஐத் தாண்டினால் தூரம் ஒரேயடியாக 850 மி.மீ.க்குத் தாவுகிறது. ஏனென்றால் உள்ளங்கை நுழைந்துவிட்டால் முழங்கையும் தாண்டித் தோள்வரை பின்னால் வரும். ஆனால் 20 முதல் 30 மி.மீ. வரையான பிளவின் நீளம் 65 மி.மீ.க்குள் இருந்தால் கட்டைவிரல் குறுக்கே தடுத்துவிடும், 200 மி.மீ. போதும். கையை இவ்வளவு உன்னிப்பாகப் படித்த பொறியாளர்கள் மேல் மரியாதை வருகிறது.

ஏர் கிளட்ச் பிரஸ்சை நடுவழியில் நிறுத்தலாம். அதற்கு ஒளித்திரை பொருந்தும், ஆனால் எங்கே மாட்டுவது என்பதில் உயிர் இருக்கிறது. திரை உணர்ந்து பிரஸ் முழுதாக நிற்க 0.2 விநாடி ஆகிறது என்றால், விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் கை அதற்குள் 40 செ.மீ. நகர்ந்துவிடும். விரல் நுனியையும் உணரும் நுண்ணிய திரையைக்கூட டையிலிருந்து 40 செ.மீ. தள்ளித்தான் மாட்ட வேண்டும். இரண்டு வருஷத்தில் பிரேக் லைனிங் தேய்ந்து நிற்கும் நேரம் 0.3 விநாடியானால், தூரம் கூடும்போது கையின் வேகத்தைக் குறைத்து எடுத்துக்கொள்ளும் தரத்தின் கணக்குப்படிகூட 50 செ.மீ. தேவை. திரை அதே இடத்தில் இருக்கும், பச்சை விளக்கும் எரியும், பாதுகாப்பு மட்டும் 10 செ.மீ. குறைந்துபோயிருக்கும். நிற்கும் நேரத்தைக் கருவி வைத்து அளக்காதவரை இது யார் கண்ணுக்கும் தெரியாது. சென்சார் வாங்கிய பில்லை ஆய்வாளரிடம் காட்டும் உரிமையாளர்கள் பிரேக்கை எப்போது அளந்தீர்கள் என்ற கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டும்.

பிரிட்டன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே பவர் பிரஸ்சில் டை மாற்றிய பிறகும், ஒவ்வொரு வேலை நேரத்தின் முதல் நான்கு மணி நேரத்துக்குள்ளும், அதற்கென்று நியமிக்கப்பட்ட ஒருவர் தடுப்பைச் சோதித்துக் கையெழுத்திட்ட சான்று இருக்க வேண்டும். அது இல்லாமல் பிரஸ் ஓடக்கூடாது. நமக்கும் இது கட்டுப்படியாகாத ஏற்பாடு அல்ல. ஒரு நோட்டு, ஒரு பேனா, அந்தக் கையெழுத்தைப் போட மறுக்கும் அதிகாரமுள்ள ஒரு ஃபிட்டர் போதும். அந்த மூன்றாவதுதான் நம் பட்டறைகளில் அரிது.

இதுவரை பேசியது இயந்திரம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் நேரம் பற்றி. மதிப்பீட்டுத் தாள்களும் பெரும்பாலும் அந்த நேரத்தைத்தான் பார்க்கின்றன. ஆனால் கை உள்ளே போவது இயந்திரம் மக்கர் செய்யும்போதும் அல்லவா? சிக்கியதை எடுக்க, துடைக்க, எண்ணெய் விட, டை மாற்ற, அளவு சரிபார்க்க. 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் ஃபிளாட் ராக் நகரில் ஃபோர்டு வார்ப்பட ஆலையில் ஒரு தொழிலாளி உதிரிகளை எடுக்கச் சேமிப்பு அடுக்கில் ஏறினார். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்த இயந்திரக் கை அவரைக் கொன்றது. ரோபோவால் இறந்த முதல் மனிதர் என்று உலகம் அவரைக் குறித்து வைத்திருக்கிறது. 2010இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி ஆலை ஒன்றில் இளம்பெண் தொழிலாளி ஒருவர் தானியங்கி இயந்திரத்தில் கழுத்து சிக்கி இறந்தார். நவீனமான, பளபளப்பான ஆலைகளிலும் இது நடக்கிறது.

இப்படிப்பட்ட வேலைகளுக்கு அமெரிக்காவில் 1989இல் ஒரு விதி வந்தது. பூட்டும் அட்டையும் என்று சுருக்கமாகச் சொல்லலாம். உள்ளே கை வைக்கப் போகிறவர் மெயின் ஸ்விட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, தன் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. கடைசிப் பூட்டு திறக்கும்வரை யார் நினைத்தாலும் மின்சாரம் வராது. பூட்டியதோடு முடியவில்லை. மின்சாரம் போன பிறகும் ஃபிளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும், ஏர் டேங்கில் காற்று அடைந்திருக்கும், ஹைட்ராலிக் குழாயில் அழுத்தம் நிற்கும், மேலே நிற்கும் ஸ்லைடு தன் எடையாலேயே இறங்கும். சக்கரம் நிற்கக் காத்திருந்து, காற்றைத் திறந்துவிட்டு, ஸ்லைடுக்கு முட்டுக் கொடுத்து, கடைசியாக ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதியான பிறகே கை உள்ளே போகலாம். சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டு உள்ளே கை விடுபவர்கள் அதை வேறொருவர் திருகி விடுவிக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பட்டன் ஓடும் ஆபத்தை நிறுத்துவதற்கு. பூட்டின் வேலையை அது செய்யாது.

மாட்டிய தடுப்பைத் தொழிலாளர்களே கழற்றிவிடுகிறார்களே என்று உரிமையாளர்கள் சொல்வது பொய்யல்ல. ஜெர்மனியின் தொழில்முறை விபத்துக் காப்பீட்டு அமைப்புகள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உலோக வேலை இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகளில் ஏறத்தாழ 37 சதவீதம் ஏதாவது ஒரு நேரத்தில் ஏமாற்றப்படுவதாகத் தெரிந்தது. ஒழுங்குக்குப் பேர்போன நாட்டில் இது. காரணத்தைத் தோண்டிய பிறகு ஆய்வாளர்கள் விரலை நீட்டியது இயந்திரத்தின் வடிவமைப்பை நோக்கி. கதவைத் திறந்தால் டூல் வெட்டுவது தெரியும், மூடினால் தெரியாது. அளவு சரிபார்க்க மெதுவாக ஓட்டிப் பார்க்க வசதி இல்லை. தடுப்பைப் போட்டால் துண்டுக்கு நான்கு விநாடி கூடும், டார்கெட் மாறாது. பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவருக்கு அந்த நான்கு விநாடி வீட்டுச் செலவு. லிமிட் ஸ்விட்ச்சில் கம்பி கட்டியிருப்பதைப் பார்த்தால் கட்டியவரைத் திட்டுவதற்கு முன், அந்தக் கம்பி என்ன வேலையை எளிதாக்குகிறது என்று கேட்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல், மெதுவாக ஓட்ட ஒரு சாவி, அந்த நான்கு விநாடியைக் கணக்கில் சேர்த்த டார்கெட் ஆகியவை வந்தால் கம்பிக்கு வேலை இருக்காது.

அதனால்தான் மதிப்பீட்டை அலுவலக அறையில் உட்கார்ந்து முடிக்கக்கூடாது. ஒரு இயந்திரத்துக்கு எழுதிய தாளைப் பெயர் மாற்றி இன்னொன்றுக்கு ஒட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்கள் அழகாக இருக்கும். இரவு ஷிப்டில் கழிவுத் தகடு சிக்கும்போது ஆபரேட்டர் எதை வைத்து எடுக்கிறார் என்பது அந்தத் தாளில் இருக்காது. அதை அறிந்தவர் அவர் ஒருவர்தான். அவரையும் ஃபிட்டரையும் துப்புரவுத் தொழிலாளியையும் இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்திவைத்துக் கேட்க வேண்டும், சொன்னதற்காகத் தண்டனை வராது என்ற உறுதியோடு.

இந்தியாவில் தொழிற்சாலைகள் அதிகமுள்ள மாநிலம் தமிழ்நாடு. ஆனால் பெரிய ஆலைக்கு உதிரி செய்யும் ஜாப் ஒர்க் பட்டறைகள் பலவும் சட்டத்தின் கணக்கில் தொழிற்சாலையே அல்ல. 1948 சட்டப்படி மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறையில் இருக்கும் பிரஸ்சும் எண்ணூறு பேர் ஆலையில் இருக்கும் பிரஸ்சும் ஒரே வேகத்தில்தான் இறங்குகின்றன. இந்த வரம்பை உயர்த்தியது தவறான முடிவு என்பதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிய இயந்திரங்களுக்கு ஒரு நல்ல முயற்சி தொடங்கியிருக்கிறது. ஐ.எஸ். 16819ஐ அடிப்படையாகக் கொண்டு பல வகை இயந்திரங்களுக்குச் சான்று கட்டாயம் என்று கனரகத் தொழில் அமைச்சகம் 2024 ஆகஸ்டில் ஆணை வெளியிட்டது. நடைமுறைக்கு வரும் நாள் பிறகு தள்ளிப்போடப்பட்டது. அது முழுமையாக வந்தாலும், பட்டறைகளில் ஏற்கெனவே நிற்கும் கீ கிளட்ச் பிரஸ்களும் ஏலத்தில் கைமாறும் பழைய இயந்திரங்களும் அப்படியேதான் இருக்கும். 1948 சட்டத்தின் 26ஆம் பிரிவு விற்பவரையும் பொறுப்பாளி ஆக்கியது. சுழலும் ஷாஃப்டில் துருத்திநிற்கும் திருகை மறைக்காமல், பற்சக்கரத்தை மூடாமல் ஆலைப் பயன்பாட்டுக்கு இயந்திரம் விற்றால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது 500 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 500 ரூபாய்க்கு அஞ்சி யாரும் பழைய பிரஸ்சுக்குக் கூண்டு செய்து விற்கவில்லை. புதிய சட்டத்தொகுப்பிலும் வடிவமைப்பவர், உற்பத்தியாளர், இறக்குமதி செய்பவர், விற்பவர் ஆகியோருக்குக் கடமைகள் இருக்கின்றன. அதன் கீழ் மாநில அரசு வகுக்கும் விதிகளில், கைமாறும் ஒவ்வொரு பவர் பிரஸ்சுக்கும் கிளட்ச் வகை, தடுப்பு, அளந்த நிற்கும் நேரம் மூன்றையும் எழுதிய சான்று கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்கலாம். லாரிக்கு எஃப்.சி. கேட்கும் அரசு பிரஸ்சுக்கும் கேட்கலாம்.

செலவை யார் ஏற்பது? ஒரு துண்டுக்கு இத்தனை பைசா என்று உதிரியை வாங்கும் பெரிய நிறுவனம், அதன் அளவு ஒரு மைக்ரான் தவறினாலும் திருப்பி அனுப்புகிறது. அந்த அளவைச் சோதிக்கத் தன் ஆட்களைப் பட்டறைக்கே அனுப்புகிறது. அதே ஆட்கள் டைக்கு முன்னால் கூண்டு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வரலாம். கீ கிளட்ச்சை மாற்றுவதற்கோ கூண்டு செய்வதற்கோ ஆகும் தொகையைத் துண்டு விலையில் சில பைசா கூட்டித் திருப்பித் தரலாம். எந்தெந்தப் பட்டறையில் எந்தெந்த பிரஸ்சில் தங்கள் பாகம் வெட்டப்படுகிறது என்ற பட்டியல் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.